அந்த அண்ணன் தங்கச்சிப் படம்

அந்தப் படத்தை மறுபடியும் தியேட்டரில் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தைய படம். கலரையும் சத்தத்தையும் கூட்டி, புதுசு மாதிரியே கொண்டுவருகிறார்களாம். பேரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "அய்யோ, என்ன படம் அது! அதுமாதிரி இப்போ எவன் எடுக்கிறான்?" என்று நீங்களும் ஆரம்பித்துவிடுவீர்கள்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். தாய் தகப்பன் இல்லாத அண்ணனும் தங்கையும். தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டில் எல்லோரும் பேராசைக்காரர்கள். அண்ணன் தன் பங்கு வயலையும் வீட்டையும் தங்கை பேருக்கே எழுதிவைத்துவிட்டு, தோளில் ஒரு துண்டோடு ஊரைவிட்டுப் போகிறான். மழை கொட்டுகிறது. தங்கை பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிவருகிறாள். நடுநடுவே ஆறு பாட்டு.

தென்காசியில் அது முதலில் ஓடியபோது எனக்குப் பதினாறு வயது. எங்கள் ஊர் வடகரையிலிருந்து அண்ணன்தான் என்னைப் பஸ்ஸில் கூட்டிப்போனான். தியேட்டரில் பெண்கள் பக்கம் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். நானும் தேம்பித் தேம்பி அழுதேன். வெளியே வந்தபோது அண்ணனுக்கும் கண் சிவந்திருந்தது. "ஒனக்கு நான் இருக்கேன்ட்டி" என்று சொல்லி ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தான். பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு அவன் அதை மனதாரத்தான் சொன்னான்.

அவன் போலீஸுக்குப் போனான். நான் சிவகிரியில் வாழ்க்கைப்பட்டேன். படம் மட்டும் எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவே இல்லை. பொங்கல், தீபாவளி என்று எப்போது டிவியில் போட்டாலும் வேலை கெட்டது. ஸ்டேஷனில் அதட்டலுக்குப் பேர்போன மனுஷன், டிவி முன்னால் துண்டை வாயில் வைத்துக்கொண்டு விம்முவான். மதினி என்னைப் பார்த்துச் சொல்வாள்: "ஒங்க அண்ணனுக்கு ஒம்மேல உசுரு. படத்தப் பாத்தே எப்படி அழுதாவ பாரு."

அவன் போனுக்கு அழைத்தால் அந்தப் படத்துப் பாட்டுதான் கேட்கும். என் வீட்டுக்காரரைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன அன்று நான் தனியாக நின்றுகொண்டு அவனைக் கூப்பிட்டேன். தங்கைக்காக உயிரையே தருவேன் என்கிற அந்தப் பாட்டை ஐந்து தடவை கேட்டேன். அவன் எடுக்கவில்லை. நாலாம் நாள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தான்.

போன வருஷம் அப்பா இறந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். உயில் எதுவும் இல்லை. வடகரையில் ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. சட்டப்படி அதில் பாதி எனக்கு. ஆனால் எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணமான பெண் பத்திர ஆபீஸுக்குப் போய், எனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு ஒரு பட்டுச்சேலையும் மத்தியானச் சாப்பாடும் கிடைக்கும். போடாதவளைப் பற்றி ஊரில் பேசுகிற பேச்சு காது கொண்டு கேட்க முடியாது.

தோப்பு இல்லாவிட்டால் நான் பட்டினி கிடக்கப்போவதில்லை. ஆனாலும் எனக்கு அது வேண்டும். அந்த மரங்களில் பாதி கன்றாக இருந்தபோது, கிணறு வற்றிய கோடையில், வாய்க்காலிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியவள் நான். அண்ணன் அப்போது போலீஸ் டிரெய்னிங்கில் இருந்தான்.

இந்த ஆடி மாதம் அவன் போன் செய்தான். "சீசன் நல்லா இருக்குட்டி. மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துரு. ஐந்தருவில குளிப்போம். சாயங்காலம் நம்ம படத்துக்குப் போவோம். மறுநா காலையில அந்த ஆபீஸ் வேலையையும் முடிச்சிருவோம், என்ன?" அருவி, படம், கையெழுத்து. என்னை ஊறவைத்துப் பிழிவதற்குத்தான் இந்த ஏற்பாடு என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வீட்டுக்காரர் வர மறுத்துவிட்டார். நான் போனேன்.

அருவியில் பெண்கள் பக்கம் தள்ளுமுள்ளு. மதினி என் காதருகே வந்து கத்தினாள்: "குடுத்துட்டியன்னா பெறந்த வீட்டு வாசல் என்னைக்கும் தெறந்து கெடக்கும்." தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்காததுபோலத் தலையை அருவிக்குள் கொடுத்துக்கொண்டேன். அவள் இரண்டு தடவை கத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

தியேட்டர் நிரம்பி வழிந்தது. படம் வந்தபோது பிறந்தே இருக்காத பிள்ளைகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே பாடுகின்றன. எனக்கு முன்வரிசையில் என் வயதுப் பெண்கள். இவர்களில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்தப் பட்டுச்சேலையையே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்களோ என்று பார்த்தேன். எல்லோருமே அழத் தயாராக வந்திருந்தார்கள்.

மழைக் காட்சி வந்தது. அண்ணன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெங்காயம் நறுக்கினால் எவளுக்கும்தான் கண்ணில் தண்ணீர் வரும், அதை அன்பு என்று யாரும் சொல்வதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியும் நிற்கவில்லை.

விளக்குப் போட்டதும் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அழுது முடித்த முகத்தில் அப்படி ஒரு நிறைவு. வயலையும் வீட்டையும் இவனே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். இந்தப் படங்கள் ஏன் சாகாமல் ஓடுகின்றன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டிக்கெட் காசைத் தவிர வேறு செலவில்லாமல் மூன்று மணி நேரத்தில் எவனும் நல்ல அண்ணனாகிவிடலாம். வெளியே வந்து புரோட்டா தின்றுவிட்டுத் தூங்கலாம்.

மறுநாள் காலை பத்திர ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுபவர் தாளை விரித்து வாசித்தார். உடன்பிறந்த அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், நான் என் பங்கை விட்டுக்கொடுக்கிறேனாம். வாசித்து முடித்துவிட்டுப் பேனாவை நீட்டினார்.

வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "நான் போடல."

மதினி கையிலிருந்த ஜவுளிக்கடைப் பையைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்தாள். அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தான். அவனைத் தெரிந்தவர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"ஏட்டி, என்ன வெளையாடுதியா? கையெழுத்துப் போடலன்னா நம்ம வீட்டுப் படி ஏறாத."

"சரி, ஏறல."

"நேத்து எங்கூட உக்காந்து அப்படி அழுதியே. அதெல்லாம் நடிப்பா?"

"அவன் தங்கச்சிக்குக் குடுக்கான் அண்ணே. அதுக்குத்தான் அழுதேன். நீ எதுக்கு அழுத?"

 அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. நான் என்ன கேட்கிறேன் என்பதே உண்மையிலேயே அவனுக்கு விளங்கவில்லை.

"ஏட்டி, அது சினிமால்லா" என்றான்.