கண்காட்சிக்குப் போன ஒயர் கூடை

எனக்குப் பொறாமை ஜாஸ்தி. மறைக்கவும் வராது, மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். போன நவராத்திரிக்கு அது உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு.

அம்பத்தூர்ல ஒரு அம்மாவும் அவங்க ஊட்டுக்காரரும் மாடிய கேலரியா மாத்தி வெச்சிருக்காங்க. சீசனுக்கு சீசன் இந்தப் பக்கத்து ஆளுங்க கையால செஞ்ச பொருளுங்கள வாங்கி வெச்சுக் கண்காட்சி நடத்துவாங்க. நான் அண்ணனூர்ல ஊட்டோட கீறவ, ஒயர் கூடை பின்னுவேன். என் ஓரகத்தியும் பின்னுவா, கொழுந்தன் பொண்டாட்டி. அவளுக்கு யாரு கத்துக் குடுத்தது? நான்தான். கல்யாணமாகி வந்தப்போ அவளுக்கு ஒயரை நேரா வெட்டக்கூடத் தெரியாது.

ரெண்டு பேரும் பொருளை எடுத்துக்கினு போனோம். அந்தம்மா பாத்துட்டு, "நல்லா இருக்கும்மா. ஆனா பொங்கல் கண்காட்சியில ஒயர் வேலைக்கு ஒரே மேசைதான் ஒதுக்க முடியும். இந்தத் தடவ யாரோடது விக்குதுன்னு பாத்து அவங்களுக்குத் தரேன்"னு சொன்னாங்க. அந்த மேசை என்னுதுன்னு நான் அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

நான் வெச்சது ஒரே கூடை. பெருசு. மயில்கழுத்துக் கலர்ல சிவன்கண் முடிச்சு, நடுவுல மஞ்சள் ஓடும். ஆடி மாசம் முழுக்க உக்காந்து பின்னுனது, கைப்பிடி சுத்தி முடிக்கறதுக்குள்ள விரல் வீங்கிப்போச்சு. அவ வெச்சது செல்போன் பை, சாவிக்கொத்து, உள்ளங்கை அளவுக்குக் குட்டிக் கூடைங்க. மிச்சம் மீதி ஒயர்ல நாம பசங்களுக்குப் பண்ணிக் குடுப்போமே, அந்த மாதிரி சாமானுங்க. இத எல்லாம் எவ வாங்குவான்னு மனசுக்குள்ள சிரிச்சுக்கினேன். அவ எல்லாத்தையும் அடுக்கி வெச்சுட்டு அம்பத்தூர் எஸ்டேட்ல தையல் கம்பெனிக்கு ஷிஃப்டுக்கு ஓடிட்டா. அதுக்கப்புறம் கடைசி நாள்தான் அவளுக்கு லீவு கெடைச்சுது. நான் தினம் போனேன்.

அங்க ஒரு வழக்கம். வித்த பொருளை உடனே எடுத்துக் குடுக்க மாட்டாங்க. சிவப்பா ஒரு வட்ட ஸ்டிக்கர ஒட்டி அப்படியே வெச்சிருப்பாங்க, வாங்கினவங்க கடைசி நாள் வந்து எடுத்துக்கினு போவணும். மொத நாள் சாயங்காலமே என் கூடையில, கைப்பிடிக்குக் கீழ, சிவப்பு வட்டம். எனக்குக் கால் தரையில நிக்கல. "போயிடுச்சா சார்?"னு கேட்டேன். "ஸ்டிக்கர் இருக்கே, எங்க வீட்டம்மா வித்திருப்பாங்க"ன்னாரு அவங்க ஊட்டுக்காரர்.

ராத்திரி சோறு போடறப்போ ஓரகத்தி கிட்ட, "என்னுது மொத நாளே போயிடுச்சு, உன்னுது பாவம், பாக்கலாம்"னேன். "நெசமாவா அக்கா?"ன்னு அவ்ளோ சந்தோஷப்பட்டா. அவ சந்தோஷப்பட்டதே எனக்குப் பிடிக்கல.

மறுநாள்லேருந்து புடிச்சுது சனி. ஐடி கம்பெனிப் பொண்ணுங்களும் ஃப்ளாட்டுக்காரம்மாங்களும் அந்தக் குட்டிக் கூடைய கையில தூக்கித் தூக்கிக் கொஞ்சறாங்க. ஒண்ணொண்ணா சிவப்பு வட்டம் ஏறுது. எனக்கு வயிறு பத்திக்கினு எரிஞ்சுது. ஒரு குட்டிக் கூடையில அடி முடிச்சு தளர்ந்து கீறத ஒரு நாள் பாத்தேன். அன்னிக்கு மட்டும் நல்லாத் தூங்கினேன். என்னுதும் வித்துப்போச்சு, அப்புறம் என்னடி உனக்குன்னு என்னையே கேட்டுக்கினேன். கேட்டா மட்டும் எரிச்சல் அடங்குதா?

கடைசி நாள் ரெண்டு பேருமா போனோம். வாங்கினவங்க வந்து வந்து அவளுத எடுத்துக்கினு போனாங்க. என் கூடை மட்டும் நின்ன எடத்துலயே நிக்குது. அந்தம்மா ஊட்டுக்காரரக் கேட்டாங்க, அவரு அந்தம்மாவக் கேட்டாரு. ரெண்டு பேருமே விக்கலியாம். அந்தம்மா அந்த வட்டத்த நகத்தால சொரண்டிப் பாத்துட்டு, "இது எங்க ஸ்டிக்கர் இல்ல. நெத்தியில வெக்கிற பொட்டு"ன்னாங்க. "எத்தன பேரு இதக் கேட்டாங்க தெரியுமா? வித்துப்போச்சுன்னு நானே திருப்பி அனுப்பிட்டேனே"ன்னாங்க.

ஓரகத்தி மூஞ்சி செத்துப்போச்சு.

"நான்தான் அக்கா வெச்சேன். அடுக்கி வெக்கறப்போ பாத்தா அவ்ளோ அழகா இருந்துது. வர்றவங்க கண்ணெல்லாம் அதும்மேலதான் விழும். மை இல்ல, அதான் என் நெத்திப் பொட்ட உரிச்சு திருஷ்டிக்கு ஒட்டினேன்."

பொங்கல் மேசை அவளுக்குப் போச்சு. அவ எனக்காகக் கெஞ்சிப் பாத்தா. பேசினது பேசினதுதான்னுட்டாங்க அந்தம்மா.

ரயில்ல கூடைய மடியில வெச்சுக்கினு உக்காந்தேன். எனக்கு வந்த கோவத்துக்கு அவள நாலு வார்த்த கேட்டிருக்கணும். ஆனா பக்கத்துல உக்காந்து அழுதுகினு கீறவள இன்னான்னு கேக்கறது? திருமுல்லைவாயல் தாண்டினப்போதான் அது தோணுச்சு.

"ஏன்டி, என் கூடைக்கு மட்டும் பொட்டு வெச்சியே, உன்னுதுக்கு ஏன் வெக்கல?"

முந்தானையில மூக்கத் தொடச்சுக்கினு சொன்னா. "அந்தக் குட்டிக் கூடைங்களப் பாத்து யாரு அக்கா வயிறெரியப் போறாங்க?"

அண்ணனூர் வந்துடுச்சு, எழுந்திருன்னேன்.