பின் நம்பர் கேட்ட மனைவி

பெண்கள் பத்திரிகை ஒன்றில் பணம், சேமிப்பு பற்றி வாராவாரம் எழுதுகிறேன். எழுதினால் மட்டும் போதாது என்று தோன்றி, வெள்ளிக்கிழமைகளில் பஸ் பிடித்து ஆழ்வார்குறிச்சிக்குப் போய், அங்குள்ள பெண்களுக்கு வங்கி வேலைகளைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். முதல் வாரம் யாரும் வாயே திறக்கவில்லை. நான் இன்சூரன்ஸ் பாலிசி பிடிக்க வந்தவள் என்று ஊருக்குள் பேச்சாம். என்னிடம் விற்பதற்கு ஒன்றுமில்லை என்பது உறுதியான பிறகுதான் காபி கொடுத்தார்கள்.

அவர்களில் ஒருவர் தையல்கார அக்கா. ஜாக்கெட் தைத்த காசெல்லாம் அவர் பேரில் உள்ள கணக்குக்குத்தான் போகிறது. ஆனால் பணம் எடுப்பது லோடு ஆட்டோ ஓட்டும் அவர் வீட்டுக்காரர். ஒரு வெள்ளிக்கிழமை, சாமி படத்துக்குப் பின்னால் இருந்த ஏடிஎம் கார்டை எடுத்துக்கொண்டு அக்கா வந்துவிட்டார். ஏடிஎம்முக்குள் போன பிறகுதான் பின் நம்பர் தெரியாது என்பது உறைத்தது. அக்கா போனில் சார்ஜ் இல்லை. என் போனில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏங்க, என் கார்டுக்கு பின் நம்பர் என்ன?"

"யாரு பேசுதது?"

"நாந்தாங்க பேசுதேன். ஏடிஎம்ல நிக்கேன்."

"ஏடிஎம்லயா? என் பொண்டாட்டி பேங்குப் பக்கமே போவமாட்டா. யாருகிட்ட கத உடுத?"

"கொரல் கூடவா தெரியல? காலைல ஒங்களுக்கு இட்லி அவிச்சது யாரு?"

"எல்லாத்தையும் வெசாரிச்சு வச்சுக்கிட்டுத்தான் கூப்பிடுதீங்க, என்ன? போலீஸ்ல சொல்லிருவேன்!"

வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் போகவே இல்லை. என் நம்பரைத் தடுத்துவிட்டார்.

போனில் யார் கேட்டாலும் பின் நம்பரைச் சொல்லாதீர்கள் என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒருவரை அன்றுதான் கண்டேன். பாராட்டத்தான் மனசு வரவில்லை.

பக்கத்திலேயே வங்கி. புது பின் நம்பர் போட்டுவிடலாம் என்று மேனேஜர் ஏதோ தட்டினார்.

"ஓடிபி போயிருக்கும்மா. பாத்துச் சொல்லுங்க."

அது போனது வீட்டுக்காரரின் போனுக்கு. கணக்கில் அவர் நம்பர்தான் இருந்தது.

"கேட்ட ஒடனே சொல்லிட்டுத்தான் மறுவேல பாப்பாரு" என்றார் அக்கா.

கொஞ்ச நேரத்தில் வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தவர் எங்களைப் பார்க்கவே இல்லை.

"சார், என் வீட்டுக்காரி கணக்க எவளோ தொறக்கப் பாக்கா! ஒடனே பூட்டுங்க!"

மேனேஜர் பேனாவால் நாற்காலியைக் காட்டினார். மடியில் பையோடு அக்கா உட்கார்ந்திருந்தார்.

"நீ இங்கன என்ன செய்யுத?"

"கணக்கத் தொறக்கப் பாக்கேன்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். கொஞ்சம் தாமதமாக அவரும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கணக்கில் தன் நம்பரைச் சேர்க்க வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டார்.

"என் நம்பரே இருக்கட்டுமே. ஒனக்கெதுக்கு அலைச்சல்?"

"அலைச்சல் ஒங்களுக்குத்தான். லோடப் போட்டுட்டு ஓடி வந்திருக்கீங்க."

மேனேஜர் நீட்டிய படிவத்தில் அக்கா தன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா தானே பணம் எடுத்தார். மெஷின் நோட்டை நீட்டியதும் ஓரடி பின்னால் போய், என்னைப் பார்த்து, பிறகு சட்டென்று உருவிக்கொண்டார். நான் பஸ்ஸுக்கு நின்றபோது டீக்கடையில் வீட்டுக்காரரின் குரல் கேட்டது.

"அப்படியே என் பொண்டாட்டி கொரல்லயே பேசுதா வே ஒருத்தி! நான் அசரணுமே?"

வங்கிக்கு ஓடிய கதையை அவர் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற அக்காவும் சொல்லவில்லை. தான் எடுத்த பணத்தில் டீக்கு மட்டும் காசு கொடுத்தார்.