கனகலிங்கம் கேட்ட கேள்வி

கனகலிங்கத்துக்கு அறுபத்திரண்டு வயது. லண்டனில் மனோர் பார்க்கில் இருக்கிறார். சிறுநீரக நோயாளிகளை வீட்டிலிருந்து டயாலிசிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்துவிடும் வான் ஓட்டுகிறார். பதினான்கு வருடத்தில் விபத்து ஒன்றும் இல்லை. தாமதம் முப்பத்தொன்று, அதில் இருபத்தாறு வீதி வேலையால். அந்த வான்களின் பயணப் பதிவை எழுதுகிறவன் நான்.

2023 ஜனவரியில் அவருடைய பட்டியலில் ஃபாதுமா என்ற சோமாலி அம்மா சேர்ந்தார். வயது எழுபத்தெட்டு. பக்கத்து ஊரான பார்க்கிங்கில் மகள் ஸஹ்ராவோடு இருந்தார். செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறு நாற்பதுக்கு ஏற்ற வேண்டும். மகளுக்கு ஏழு மணிக்கு ஷிப்ட். கூடப் போக முடியாது. மறதி நோய் அந்த அம்மாவின் ஆங்கிலத்தை முழுதாகத் துடைத்துவிட்டது. வானில் ஏறியதும் சோமாலியில் ஏதோ கேட்பார். பதில் வராவிட்டால் அழுவார்.

"சும்மா சிரிச்சுக்கொண்டு எவ்வளவு நாளைக்கு ஓடுறது, அண்ணை? அவவின்ரை பாஷையைப் படிக்கப்போறன்" என்றார் கனகலிங்கம் என்னிடம்.

பக்கத்து வான் ஓட்டும் கீர்த்தனன் விடவில்லை. "முப்பது வருசமா இங்கிலீசே உங்களுக்குப் பிடிபடேல்லை. இப்ப சோமாலியோ?"

"அது பிடிபடாதபடியால்தான்ரா இதைப் பாக்கிறன்."

பார்க்கிங்கில் ஒரு சமூக மண்டபத்தில் ஞாயிறு வகுப்பு. ஹோடன் என்ற சோமாலிப் பெண் நடத்தினார். மாணவர் ஒன்பது பேர். கனகலிங்கம் ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை. கோடை முடிவதற்குள் சின்ன வசனங்கள் பேசினார். "நபத்?" என்பது அவர்களுடைய வணக்கம், சமாதானமா என்று அர்த்தம். அதைக் கேட்ட நாளிலிருந்து ஃபாதுமா அழுவது குறைந்தது. மழை, தேநீர், மகளின் பிடிவாதம் என்று வழியெல்லாம் பேசுவார். பாதிதான் விளங்கும் என்று கனகலிங்கம் ஒப்புக்கொண்டார். அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

அக்டோபர் எட்டாம் தேதி வகுப்பில் ஹோடன் மொழியும் சமூகமும் பற்றிப் பேசினார். சோமாலிக்கு அரசு எழுத்து 1972இல்தான் வந்தது. அதற்கு முன் உடன்படிக்கை, வழக்கு, பகை எல்லாம் பாட்டாகவும் நினைவாகவும் வாயிலேயே இருந்தன. பிள்ளைகள் எழுத்துப் படிப்பதற்கு முன் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று பத்துப் பதினைந்து பெயர்களை மனப்பாடம் செய்வார்கள். ஒருவர் யார் என்பதற்கு அந்த வரிசைதான் அத்தாட்சி.

"எங்கட ஆக்களுக்கு அது கலியாணம் பேசேக்கை மட்டும் ஞாபகம் வரும்" என்று சொல்லி வகுப்பைச் சிரிக்கவைத்திருக்கிறார் கனகலிங்கம்.

யாழ்ப்பாணத்தவர் இருவர் சந்தித்தால் எந்த ஊர், எந்தக் குடும்பம், யாற்றை ஆக்கள் என்று கேட்காமல் பேச்சு நகராது. அது மரியாதை என்றே நினைக்கிறோம். அந்த மரியாதைக் கேள்வியை, தெரிந்த சொற்களைக் கொண்டு அவரே சோமாலியில் கட்டிக்கொண்டார். பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஆறு நாற்பத்திரண்டுக்கு, வானின் சாய்தளத்தை இறக்கியபடி ஃபாதுமாவிடம் கேட்டார்: "நீங்கள் எந்தக் குலம்?"

ஃபாதுமா உறைந்துபோனார். பிறகு பின்பக்கமாகவே நடந்து உள்ளே போய்க் கதவைப் பூட்டினார். அன்று சிகிச்சை இல்லை.

வியாழன் கீர்த்தனனை அனுப்பினோம். அவனுக்கும் கதவு திறக்கவில்லை. கடைசியாக இரத்தம் சுத்திகரித்தது ஏழாம் தேதி. சனிக்கிழமையும் வராவிட்டால் இதயம் சொல்லாமல் நின்றுவிடலாம், பலவந்தமாக ஏற்றவும் முடியாது என்று தாதி தொலைபேசியில் சொன்னார்.

அன்று மாலை ஸஹ்ரா விஷயத்தைச் சொன்னாள். 1991இல் மொகடிஷுவிலிருந்து தப்பிப் போகும் வழியில் துவக்கோடு நின்ற ஆயுதக்காரர் அவர்களுடைய வாகனத்தை மறித்தார்கள். கேட்டது அந்த ஒரு கேள்விதான். ஸஹ்ராவின் தகப்பன் தன் முன்னோர் பெயர்களை உள்ளபடி சொன்னார். அவரை அங்கேயே இறக்கிக்கொண்டார்கள்; பிறகு அவர் திரும்பவில்லை.

கேட்டுவிட்டுக் கனகலிங்கம் வான் சாவியை என் மேசையில் வைத்தார். பிறகு, "எண்பத்து மூண்டில கொழும்பில எங்களையும் மறிச்சு, தமிழரோ எண்டு பாக்க ஒரு சிங்களச் சொல்லைச் சொல்லிக்காட்டச் சொன்னவங்கள், அண்ணை. எனக்கெல்லோ முதல்ல தெரிஞ்சிருக்க வேணும்" என்றார்.

சனிக்கிழமை அவரே போனார். கதவைத் தட்டவில்லை; வானடியில் நின்றார். ஆறு ஐம்பத்தைந்துக்குக் கதவு தானாகத் திறந்தது. ஃபாதுமா உடுத்திக்கொண்டு வந்தார். முகம் வீங்கியிருந்தது. சாய்தளத்தின் முன் நின்று, நிலத்தைப் பார்த்தபடி, ஒரே மூச்சில் பத்துப் பெயர்களைச் சொன்னார்.

அன்று வேலைக்குப் போகாமல் பின்னால் நின்ற ஸஹ்ரா வெளிறிப்போனாள். "இவர்கள் எங்கள் முன்னோர் இல்லை. அப்பாவை இறக்கியவர்களுடைய குலம் இது."

ஃபாதுமா அசையாமல் நின்றார். அனுமதிக்காக நிற்கிறார் என்று கனகலிங்கத்துக்கு விளங்கியது. தெரிந்த சோமாலியில் "போகலாம்" என்றார். ஃபாதுமா ஏறினார். அன்று நான்கு மணி நேரம் இயந்திரம் ஓடியது. உயிர் தப்பியது.

ஆனால் செவ்வாய்க்கிழமையும் ஏறாமல் நின்றார்; கனகலிங்கம் அந்தக் கேள்வியைக் கேட்டபின்தான் பெயர்களைச் சொல்லி ஏறினார். வியாழனும் அப்படியே. இருபத்தாறாம் தேதி கனகலிங்கத்துக்குக் காய்ச்சல், கீர்த்தனன் போனான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி கேட்காத வானில் ஏற அந்த அம்மா மறுத்துவிட்டார். அடுத்த பயணத்துக்குக் கனகலிங்கம் காய்ச்சலோடு எழும்பிப் போனார். அதன்பின் அவர் லீவு எடுக்கவில்லை. சாய்தளத்தை இறக்குவார், கேட்பார், பத்துப் பெயரும் முடியும்வரை நிற்பார், போகலாம் என்பார். மழையையும் தேநீரையும் பற்றிய பேச்சு நின்றுவிட்டது.

"ஆரோடையோ கதைக்கத்தான் படிச்சனான்" என்று ஒருநாள் சொன்னார். "இப்ப துவக்கு மட்டும்தான் கையில இல்லை."

நவம்பர் பதினெட்டு, சனி. ஃபாதுமா ஆறு பெயர் சொன்னார். ஏழாவது வரவில்லை. உதடு அசைந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி மறுபடி ஆறில் நின்றார். அவர் திரும்பி உள்ளே போய்விடுவாரோ என்ற பயத்தில் கனகலிங்கம் ஏழாவது பெயரை எடுத்துக்கொடுத்தார். பதினான்கு தடவை கேட்டு அவருக்கே மனப்பாடமாகியிருந்தது.

ஃபாதுமா முதல்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். அந்தப் பெயர்கள் இவருக்குத் தெரிகின்றன என்றால் இவர் அந்தக் குலத்து ஆள், தன் பொய் பிடிபட்டுவிட்டது என்று நினைத்திருப்பார். மெதுவாகத் தன் கையிலிருந்த பொன் காப்பைக் கழற்றி, அவருடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

திருப்பிக் கொடுத்தால் வழி விடமாட்டேன் என்று அர்த்தம் என்பது கனகலிங்கத்துக்குத் தெரியும். கதவடியில் நின்ற ஸஹ்ராவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். காப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "போகலாம்" என்றார்.