கல்லு மெக்கானிக்கும் எட்டு மாடியும்

லிஃப்ட் கதவு மூடியதும் அவர் காது சுவரில் ஒட்டிக்கொள்ளும். "கொஞ்சம் பேசாம இருங்க, மோட்டாரு என்னமோ சொல்லுது" என்பார் கூட ஏறியவர்களிடம். எங்கள் எட்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக் அவர். குடியிருப்பதும் இங்கேதான், என் எதிர்வீட்டில். எல்லாப் பொத்தான்களையும் அழுத்திவிட்டு ஓடும் பிள்ளைகள் அவருக்கு ஜென்ம விரோதிகள். "மோட்டாரு என்ன உங்க மாமனார் வாங்கிக் குடுத்ததா?" என்று ஏழு வயதுக்காரனைப் பிடித்துக் கேட்பார்.

வேலைக்குக் கிளம்புமுன் அவருக்கு இன்னொரு வேலை உண்டு. எங்கோ மலையுச்சித் தொலைநோக்கி எடுத்த படங்கள் அவர் கணினிக்கு வரும். வானத்தின் ஒரே துண்டை, இடைவெளி விட்டு எடுத்தவை. பல் தேய்க்கும் பிரஷ் வாயிலிருக்க, அவற்றை மாற்றி மாற்றித் தட்டிப் பார்ப்பார். நட்சத்திரங்கள் அசையாது. ஒரு புள்ளி மட்டும் நகர்ந்தால் அது சிறுகோளாக, அதாவது சூரியனைச் சுற்றும் ஒரு கல்லாக, இருக்கலாம்.

ஒருமுறை நகர்ந்தது. மனிதருக்குப் பொறுக்கவில்லை, கட்டடம் முழுக்க கேக் கொடுத்துவிட்டார். தகவல் அனுப்பிய வானியல் மையத்திலிருந்து பிறகு பதில் வந்தது: அதை யாரோ எப்போதோ கண்டுபிடித்துப் பெயரும் வைத்தாகிவிட்டதாம். கேக் தின்ற வாய்கள் சும்மா இருக்குமா? அவர் 'கல்லு மெக்கானிக்' ஆனார். எங்களுக்கெல்லாம் அக்காவான அவர் மனைவியை, கடைக்காரர்கூட 'கல்லு வீட்டம்மா' என்றார். அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. "இனிமே ஒரு கல்லு கெடச்சா, பேரு வெச்சு முடியற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த கல் கிடைத்தது. அவர் மூச்சு விடவில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் கற்கூட்டத்தில், வியாழன் பக்கத்து ஓரமாக ஆடி அசைந்து போகிற கல் அது. அவ்வப்போது சூரியனுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். கணக்குப்படி மறுபடி தட்டுப்பட வேண்டும். அப்படிப் பல தடவை பார்த்தால்தான் பாதை உறுதியாகி எண் கிடைக்கும், பெயர் வைக்கும் உரிமையும் வரும். நடுவில் தொலைந்தால் கல்லும் போச்சு, மானமும் போச்சு. வருஷக்கணக்காக, "கல்லு ஏதாவது கெடச்சுதா?" என்று சீண்டியவர்களிடம், "லிஃப்டுக்குக் கயிறு மாத்தணும்" என்று சொல்லி நழுவிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் எனக்கே இன்று காலையில்தான் தெரியும். கீழே லிஃப்டில் ஏறினேன். உள்ளே இருவரும் நின்றிருந்தார்கள். அக்கா போனை நீட்டினார். சிறுகோளின் எண், பக்கத்தில் அதற்கு வைத்த பெயர். அக்காவின் பெயர்.

"கண்டுபிடிச்சவன் தன் பேர வெச்சுக்கக் கூடாதுன்னு விதி" என்றார் அவர். "வெச்சுக்கலாம்னு சொல்லியிருந்தாலும் இந்தப் பேரத்தான் குடுத்திருப்பேன்."

"கடைசில என்னையும் கல்லாக்கிட்டாரு பாருங்க" என்றார் அக்கா. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எனக்கும் அவ்வளவு சந்தோஷம்.

"இப்ப வாயத் தொறக்கலாமா?" என்று கேட்டார் அவர்.

"ஒரு மாடி விடாம சொல்லணும்" என்றார் அக்கா.

கதவு மூடியது. அவர் காது சுவர்ப்பக்கம் போகவில்லை. உள்ளங்கையை விரித்து, மேலிருந்து கீழ்வரை எல்லாப் பொத்தான்களையும் ஒரே இழுப்பில் அழுத்தினார்.