மேடைக்குப் பின்னால் மருதமுனை

சட்டை நன்றாக இருந்தால் உடுத்தவரைப் புகழ்வார்கள், கோணலாக இருந்தால் மட்டும் தைத்தவனைத் தேடி வருவார்கள். தையல் தொழிலின் இலட்சணம் இவ்வளவுதான். பெருநாளுக்கு முதல் நாள், இன்னும் வெட்டவே வெட்டாத துணியை மேசைக்கடியில் ஒளித்துவைத்துக்கொண்டு "பின்னேரம் வாங்க, தைச்சு முடிஞ்சி" என்று பொய் சொன்னவர்கள் இதை வாசிக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் சொந்தக்காரர்கள், தாராளமாகத் தொடரலாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கிழக்கிலங்கையில், கல்முனை பஸாரில் எனக்கொரு தையல் கடை இருந்தது. எனக்கு ஊர் பக்கத்து மருதமுனை. அதே ஊரில் தறி வைத்திருந்தவர் அலியார் காக்கா. காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். கொழும்பில் உடுப்பு வடிவமைக்கும் ஷிராணி மேடம் அவருடைய துணியைக் கண்டு ஆசைப்பட்டு, ஒரு பெரிய ஹோட்டலில் நடக்கப்போகும் ஃபேஷன் வாரத்துக்குப் பதினான்கு உடுப்புக் கேட்டார். நெசவு காக்கா, தையல் நான். பெயர்தான் வாரம், நடந்தது மூன்று நாள்.

காக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஊர்ப் பெயரை மேடையில் சொல்லவேண்டும். கொழும்புக் கடைகள் எங்கள் துணியை வாங்கித் தங்கள் முத்திரையைக் குத்தி விற்றுக்கொண்டிருந்த காலம் அது. போதாததற்கு யுத்தம். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் ரேடியோச் செய்தியில் வந்தால், யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம். மேடம் யோசிக்காமல் சம்மதித்தார். காக்கா என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "தம்பி, ஒரு தரமாவது நல்லதுக்கு எங்கட ஊர்ப் பேரை கொழும்பு மனிசர் கேக்கட்டும்."

கை கழுவச் சொன்ன கதை

பதினான்கு உடுப்பையும் அயன் பண்ணி, வெள்ளை வேட்டியில் சுற்றி, இரண்டு பெரிய பையில் வைத்துக்கொண்டு நானும் காக்காவும் காலை பஸ்ஸில் கொழும்புக்குப் புறப்பட்டோம். வழியில் சோதனைச் சாவடிகள் எத்தனை என்று இப்போது நினைவில்லை. ஒவ்வொன்றிலும் இறங்கி, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு சாவடியில் இளம் சிப்பாய் ஒருவர் வடை தின்றுகொண்டே வந்தார். எண்ணெய்க் கையோடு அவர் நேரே கை நீட்டியது, கடைசி நாளுக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சாரிக்கு.

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியாது. சிங்களத்தில் ஐயா என்று மரியாதை போட்டு "மாத்தயா, கையைக் கழுவிட்டுத் தொடுங்க" என்று சொல்லிவிட்டேன். வரிசை முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டது. யாரிடம் சொன்னேன் என்பது எனக்கே அப்புறம்தான் உறைத்தது. அலியார் காக்கா வாய்க்குள் ஓதத் தொடங்கிவிட்டார்.

சிப்பாய் என் முகத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பிறகு தண்ணீர்ப் பானையடிக்குப் போய்க் கழுவி, காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு உடுப்பையும் விரல் நுனியால் தூக்கிப் பார்த்தார். பையை மூடும்போது கொச்சைத் தமிழில் சொன்னார்: "எங்கட அம்மாவும் இப்படித்தான் ஏசுறது."

அளவுச் சட்டை எங்கே?

எங்கள் பக்கத்தில் பெண்களுக்குத் தைக்கிற முறை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். துணியோடு ஓர் அளவுச் சட்டை வரும். ஏற்கெனவே சரியாகப் பொருந்திய பழைய சட்டை. புருஷனோ வாப்பாவோ கொண்டுவந்து தருவார்கள். அந்தச் சட்டையை மேசையில் விரித்து அளந்து வெட்டுவோம். இருபது வருஷத்தில் ஊர்ப் பெண்களில் பாதிப்பேருக்கு நான் தைத்திருப்பேன். ஒருவரையும் நிற்கவைத்து அளந்ததில்லை.

ஹோட்டலில் மேடைக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை தந்தார்கள். சுற்றிவரக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே என்னைப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றேன். மேடையில் நடக்கவிருந்த பெண்களில், மேடம் கடிதத்தில் அளவு அனுப்பியிருந்த நாலு பேர் மாறிவிட்டார்களாம். புதிய நாலு பேரும் வந்து என் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். "அளவெடுங்க மாஸ்டர்" என்றார் மேடம். எனக்கு வியர்த்துக்கொட்டியது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்: "அளவுச் சட்டை எங்க?"

அறையே சிரித்தது. நான் அசையவில்லை. அளவுச் சட்டை வந்தால்தான் கத்தரிக்கோலை எடுப்பேன் என்றுவிட்டேன். கடைசியில் ஹோட்டல் படுக்கை விரிப்பு ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டுத் திரையாக்கினோம். அந்தப் பக்கத்தில் இருந்து அவர்கள் போட்டுவந்த சட்டைகள் ஒவ்வொன்றாகத் திரைக்கு மேலால் வந்தன. அளந்தேன், பிரித்தேன், தைத்தேன், அதே வழியால் திருப்பிக் கொடுத்தேன். நாலும் அளவாக இருந்தன. நிலுஷி என்றொரு பெண், கொழும்பில் தமிழர் நிறைந்த கொட்டாஞ்சேனையில் வளர்ந்ததால் கொஞ்சம் தமிழ் கதைப்பாள், திரைக்குப் பின்னால் இருந்து கேட்டாள்: "மாஸ்டர், என்னைப் பாக்காமலே என்ட தோள் ஒண்டு மற்றதைவிடப் பதிவு எண்டு எப்படித் தெரியும்?"

கிப்லா

நண்பகல் லுஹர் தொழுகை நேரம் வந்தது. தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தேநீர் கொண்டுவந்த ஹோட்டல் ஊழியர் மலாய்க்காரர், பள்ளிவாசலுக்குப் போய்வருகிறவர். அவரிடம் கேட்டேன். அவர் கண்ணாடிக் கதவுப் பக்கம் கையைக் காட்டிவிட்டு, என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னார்: "கிப்லா இந்தப் பக்கம்தான் நானா, ஆனா நடுவில நீச்சல் குளம் இரிக்கி, பார்வையைக் கீழ போட்டுக்கங்க."

முதல் நாள்: மருதானை

காக்கா மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். நான் மேடைக்குப் பின்னால் ஊசியோடு நின்றேன். எனக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. என் கையால் தைத்த உடுப்பில் சட்டைப் பின், அதாவது ஊக்கு, ஏறக்கூடாது. இடுப்பு தளர்ந்தால் பின் குத்திச் சமாளிப்பதுதான் அங்கே வழக்கம். அந்த வேலைக்கென்று வந்தவரின் பின் டப்பாவை வாங்கி என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். தளர்ந்ததை எல்லாம் விரிப்புத் திரைக்கு மேலால் வாங்கி நூலால் பிடித்தேன்.

பாட்டு நின்றது. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் ஆங்கிலத்தில் அழகாக ஏதோ சொல்லிவந்தார். எனக்கு விளங்கியது ஒரு சொல்தான். அந்தச் சொல்லுக்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அது வந்தது: "மருதானை!"

மருதானை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது கொழும்புக்குள்ளேயே ரயில் ஸ்டேஷன் இருக்கிற இடம். ஹோட்டலில் இருந்து ஆட்டோவில் போனால் கால் மணி நேரம். மண்டபம் கைதட்டியது. அலியார் காக்கா தட்டவில்லை. பின்கதவால் உள்ளே வந்து கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. "தம்பி, எட்டு மாசம் நான் தறியில குந்தினது மருதானைக்காகவா?"

இரண்டாம் நாள்: கும்புக்

காலையிலேயே அறிவிப்பாளரைத் தேடிப் பிடித்தேன். நல்ல பிள்ளை, ஆனால் தமிழ்ப் பெயருக்கு வாயைத் திறந்தால் ஐயோ பாவம். அவர் கையில் இருந்த தாளில் ஊர்ப் பெயர் சரியாகத்தான் எழுதியிருந்தது. நீளமான பெயரைக் கண்டதும் அவருக்குப் பழக்கமான பெயர் வாயில் வந்துவிட்டது. சொல்லிப் பார்க்கச் சொன்னேன். "மருத்தமன" என்றார். "மருதுமணி" என்றார். தமிழ் அவருக்கு வராது, எனக்கு ஆங்கிலம் வராது. நடுவில் நிலுஷி நின்று மொழிபெயர்த்தாள்.

சட்டையைத் துண்டு துண்டாக வெட்டித்தானே பொருத்துகிறோம், பெயரையும் அப்படியே பொருத்திவிடலாம் என்று நினைத்தேன். அங்கேதான் பிழை விட்டேன். மருதம் என்றால் ஆற்றங்கரையில் நிற்கிற மரம், சிங்களத்தில் கும்புக் என்பீர்களே அதுதான். முனை என்றால் நிலம் நீட்டிக்கொண்டிருக்கிற இடம் என்று விளக்கினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கும்புக்! கும்புக்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். எனக்கும் பெருமை. வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

அன்று மேடையில் மிகத் தெளிவாக, ஒரு எழுத்தும் பிசகாமல் அறிவித்தார்: "கும்புக்முனை!"

நான் ஊசியைத் தரையில் எறிந்தேன். பிறகு, யாராவது மிதித்துவிடுவார்களே என்று நானே குனிந்து தேடினேன். உலகத்தில் இல்லாத ஊருக்கு மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அலியார் காக்கா இந்த முறை கோபிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. என் தோளில் கையை வைத்துச் சொன்னார்: "மருதானை எண்டாலும் பஸ்ஸில போய்ப் பாக்கலாம், இந்த ஊருக்கு எதில போற?"

மூன்றாம் நாள்: சாரியை மடியில் வைத்துக்கொண்டு

கடைசி நாள் கடைசி உடுப்பு அந்த வெள்ளைச் சாரி. கரையில் மட்டும் நீலம். ஓரத்தைப் பிரித்துத் தைக்கவேண்டும் என்று சொல்லி அதை வாங்கினேன். தைத்து முடித்ததும் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மேடம் வந்து கேட்டார். "பேரைச் சரியாச் சொல்லிக் காட்டட்டும் மேடம், அப்பதான் இது வெளியே போகும்" என்றேன்.

மேடத்தின் முகம் சிவந்தது. வெளியே முன்னூறு பேர் காத்திருக்கிறார்கள், ஒரு ஊர்ப் பெயருக்காக என்னை அவமானப்படுத்துகிறீர்களா என்று கேட்டார். அடுத்த வருஷ ஓடரை மறந்துவிடுங்கள் என்றும் சொன்னார். அது விளையாட்டு இல்லை. அந்த ஓடரை நம்பி ஊரில் தறிகள் காத்துக்கிடந்தன. அவை என் தறிகளும் இல்லை. அலியார் காக்காவைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே கொடுத்திருப்பேன். அவர் எழுந்து வந்து, கீழே தொங்கிய சாரித் தலைப்பை எடுத்து மடித்து, என் மடியிலேயே வைத்தார். மேடம் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பிறகு வெளியே போய் அறிவிப்பாளரைக் கையோடு அழைத்துவந்தார்.

அவர் திரைக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் பாதி உடுத்தும் உடுத்தாமலும் நின்ற பெண்கள் திருத்தினார்கள். மருத, மருத, மருத. முனை, முனை, முனை. பத்தாம் தரமோ பதினோராம் தரமோ சரியாக வந்தது. இன்னும் மூன்று முறை சொல்லவைத்தேன். சாரியைத் திரைக்கு மேலால் கொடுத்தபோது மேடம் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "மாஸ்டர், உங்க ஊர்ல எல்லாருமே இப்படியா?"

அந்த ஒரு சொல்

நிலுஷி சாரியை உடுத்திக்கொண்டு மேடைக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் எல்லாரும் கடைசிச் சுற்றுக்குப் போகவேண்டும், அதில் ஒருத்தியின் சட்டையில் முதுகு ஹூக் இரண்டு அந்த நேரம் பார்த்துத் தெறித்தது. திரைக்கு மேலால் சட்டை வந்து என் தலையில் விழுந்தது. "மாஸ்டர், ரெண்டு நிமிஷம்!" பின் குத்திவிடு என்று யாரோ கத்தினார்கள். பின் டப்பா என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஒரு பின் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கதவடிக்குப் போய் நின்றிருக்கலாம். மனம் கேட்கவில்லை. வாயில் நூலைக் கடித்துக்கொண்டு, குனிந்து, இரண்டு ஹூக்கையும் தைத்து, கிழிந்த பட்டியின் மேல் மெஷினையும் கடகடவென்று ஓடவிட்டேன்.

சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது வெளியே கைதட்டல் ஓய்ந்துகொண்டிருந்தது. சொல்லிவிட்டார்களா? என்ன சொன்னார்கள்? பெண்கள் எல்லாரும் மேடைக்குப் போய்விட்டதால் கேட்பதற்கு அறையில் யாரும் இல்லை. காக்கா மண்டபத்துக் கூட்டத்துக்குள் அகப்பட்டுக்கொண்டார் போல, ஆளைக் காணவில்லை.

நிலுஷிதான் முதலில் வந்தாள். வெள்ளைச் சாரியோடு மூச்சு வாங்க ஓடிவந்து, திரையை ஒரு கையால் ஒதுக்கினாள். மூன்று நாளில் அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். கண் மை கரைந்திருந்தது. அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கி, கையில் இருந்த ஊசியின் காது இரண்டாகத் தெரிந்தது. "மாஸ்டர், மருதமுனை எண்டு சரியாச் சொன்னது, அந்தப் பேர் வரும் வரைக்கும் நான் ஒரு அடியும் எடுத்து வைக்க இல்ல."

மூன்று நாள் சண்டை பிடித்து வாங்கிய ஒரு சொல்லை, இரண்டு ஹூக் தைக்கப்போய் என் காதால் கேட்காமல் விட்டவன் நான் என்றால், இந்தத் தொழிலைப் பற்றி இதற்குமேல் உங்களுக்கு விளக்க என்ன இருக்கிறது?