முதல் பந்தி

அக்காவின் சாம்பார் வாளி என் வீட்டுச் சமையலறை மூலையில் கவிழ்ந்து கிடக்கிறது. சூடு தாங்க அவளே கைப்பிடியில் சுற்றிய சிவப்புத் துணி கருத்துப்போய்விட்டது. பக்கவாட்டில் ஒரு நசுங்கல். அது என் வேலை. காலையில் தண்ணீர் குடிக்கப் போனால் இந்த வாளிதான் முதலில் கண்ணில் படும். பட்டதும், அடுத்த அறையில் அவள் மூச்சு விடுகிறாளா என்று காது கொடுப்பேன்.

எங்கள் சபையில் தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் அதிகம். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை அசனம் உண்டு. ஆலய வளாகத்தில் பந்தல் போட்டு, அண்டா அண்டாவாகச் சமைத்து, யார் வந்தாலும் உட்காரவைத்துச் சோறு போடுவோம். தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, வாசனை பிடித்து வருகிறவர்களும் உண்டு. அக்கா பரிமாறுகிறவள். பம்மலில் வாடகைக்கு இருந்த காலத்திலிருந்தே சொந்த வாளியோடு போவாள். பரிமாறுகிறவர்கள் கடைசிப் பந்தியில் சாப்பிட வேண்டும் என்பது வழக்கம். அவள் அதிலும் உட்காரமாட்டாள். அண்டாவில் ஒட்டியதை வழித்து, நின்றபடியே விழுங்கிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போவாள். "உட்கார்ந்து ருசி பார்க்கவாடா ஆண்டவர் என்னை வெச்சிருக்காரு?" என்பாள். சபையே மெச்சியது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. கல்யாணம் இல்லை, சினிமா இல்லை, வாய்க்கு ருசியாக ஒன்று கேட்டதில்லை. வீட்டில் என்ன குழம்பு என்றுகூடக் கேட்கமாட்டாள். இதெல்லாம் பக்தி என்று அவளுக்கு யார் சொன்னது?

போன லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலத்தில், அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சு மட்டும் பிழைத்தது. செத்துவிடுவாளோ என்று ஆஸ்பத்திரியில் நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் பயம் வேறு. ராஜகீழ்ப்பாக்கத்தில் என் வீட்டுக்கு அழைத்துவந்த அன்றே கேட்டாள்: "இந்தக் கை வராட்டி ஆண்டவருக்கு நான் எதுக்குடா?"

அந்தப் பயம் என்னையும் பிடித்துக்கொண்டது. பல்லாவரத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை, ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சு, அவ்வளவுதான் நான். வேலைக்கு ஆகிறவர்களை மட்டும்தான் ஆண்டவர் வைத்துக்கொள்வார் என்றால், என்னை எப்போதோ தூக்கி எறிந்திருக்க வேண்டும்.

சபை அதை இன்னும் மோசமாக்கியது. அசனத்தில் பரிமாற எங்கள் சகோதரியை எழுப்பும் என்று போதகர் ஆராதனையில் ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நல்ல மனதோடுதான். அக்கா அதைக் காலக்கெடுவாக எடுத்துக்கொண்டாள். வாளியில் தண்ணீர் பிடித்து இடது கையால் தூக்கிப் பழக ஆரம்பித்தாள். ஒரு மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. "அண்ணி விழுந்துட்டாங்க" என்று மட்டும் சொல்லி என் மனைவி அழுதாள். பல்லாவரத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் நான் மனசுக்குள் அக்காவைப் புதைத்தே விட்டேன். சமையலறை முழுக்கத் தண்ணீர். நெற்றி வீங்கி, சுவரில் சாய்ந்து கிடந்தாள். என்னைப் பார்த்ததும், "அசனத்துக்கு இன்னும் நாள் இருக்குல்ல?" என்றாள். வாளியை எடுத்து வாசலில் வீசினேன்.

அன்று சாயங்காலமே போதகரிடம் போனேன். அவள் கை வராது, இனி அப்படி ஜெபிக்காதீர்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"அப்ப என்னன்னு ஜெபிக்கட்டும் தம்பி?"

"அவ உட்கார்ந்து சாப்பிடணும்னு ஜெபிங்க."

அசனத்தன்று அக்காவை முதல் பந்தியில் உட்காரவைத்தேன். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. இத்தனை பேர் முன்னால் இடது கையால் எப்படிச் சாப்பிடுவது? எழுந்துவிடலாம் என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள், நாங்கள் கொண்டுபோயிருந்த நசுங்கின வாளியோடு ஒரு பெண் வந்துவிட்டாள். அக்காவிடம் பரிமாறப் பழகியவள். "இன்னாக்கா, இலையில மிச்சம் வெச்சா வூட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்று அக்கா வழக்கமாகச் சொல்வதையே திருப்பிச் சொன்னாள். பந்தி சிரித்தது. நான் சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். அக்கா கண்ணை மூடி மென்றாள்.

"சூடா இருந்தா இவ்ளோ நல்லாருக்குமாடா இது?"

கொஞ்ச நேரம் கழித்து, கத்திரிக்காய் இன்னொன்று போடச் சொன்னாள்.

அந்த நேரத்தில் அவளால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆண்டவர் அவளை அன்றுதான் அதிகமாக நேசித்தார் என்று நான் சொல்லமாட்டேன். வாளி தூக்கிய நாட்களைவிடக் குறைவாக நேசிக்கவில்லை. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பயம் மட்டும் போகவில்லை. பக்கவாதம் இன்னொரு தடவை வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்று காலையும் வாளிக்குப் பக்கத்தில் நின்று காது கொடுத்தேன். சத்தமே இல்லை. அந்த அறைக்குள் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

"டேய், அங்க என்னடா நிக்கிற?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னிக்கு என்ன குழம்பு?"