நான் வாசிக்காமல் விட்ட நாலு வரி

பட்டம் முடித்துவிட்டு, கண்ட கண்ட வேலைக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்த நாட்களில்தான் விசுவமடுவில் எங்கள் வாசிகசாலையில் எழுத்துக் கூட்டம் தொடங்கினேன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த எங்கள் ஆட்கள். அந்தப் பக்கம் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஒரே கடை, ஒரே பஸ். ஆனால் ஒருவர் வீட்டுக் கதிரையில் மற்றவர் இருந்ததை நான் கண்டதில்லை. கதை எழுத வைத்தால் இதெல்லாம் மாறிவிடும் என்று மனதார நம்பினேன்.

விதிகளையும் நானே போட்டேன். பெயர்களைச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போட்டு எடுக்க வேண்டும். யாருடைய பெயர் வருகிறதோ, அவராகவே நின்று ‘நான்’ என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுதியவருக்குக் கூச்சமாக இருக்குமே என்று, எல்லாவற்றையும் நானே வாசிப்பதாகச் சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் வாசிப்பேன் என்று சுவரில் எழுதியும் ஒட்டினேன்.

மூன்றாம் கூட்டத்தில் அப்பாவின் பெயர், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் வயலுக்குக் கூலிக்கு வரும் ஒரு அக்காவின் கையில் வந்தது.

அடுத்த சனிக்கிழமை அப்பா முன்வரிசையில் இருந்தார். நான் அக்காவின் தாளை வாசிக்கத் தொடங்கினேன்; அதில் ‘நான்’ என்றால் அப்பா. நான் விடியமுன் எழும்பி வாய்க்கால் பார்க்கப் போவேன். மகள் படித்ததில் எனக்குப் பெருமை, வெளியில் சொல்ல மாட்டேன் என்று இருந்தது. சனம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அதற்குள் என் கண் அடுத்த வரிகளுக்கு ஓடிவிட்டது.

‘வேலைக்கு வாற பிள்ளை தண்ணி குடிக்க வேலிக் கட்டையில ஒரு தகரப் பேணி கவுத்து வச்சிருக்கேன். மழை விட்டா அதுக்குள்ள எறும்பு இருக்கும். வீட்டுக்குள்ள எடுத்து வைக்கலாமான்னு சில நாள் யோசிப்பேன். பிறகு சொந்தக்காரங்க ஞாபகம் வந்துரும்.’

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தப் பேணி அங்கேதான் இருக்கிறது. நான் நாலு வரியையும் தாண்டி, அறுவடை முடிந்தால் எல்லாருக்கும் புதுச்சட்டை எடுத்துக் கொடுப்பேன் என்ற கடைசி வரிக்குப் போனேன். கைதட்டினார்கள். அக்கா தட்டவில்லை. தாளை மடிக்கும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. தன்னை எவ்வளவு விளங்கி வைத்திருக்கிறார்கள் என்று கடையில், பஸ் தரிப்பில் எல்லாம் சொன்னார். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டு என்று தினமும் கேட்டார். நான் அதை என் விண்ணப்பங்களுக்கிடையில் ஒளித்து வைத்திருந்தேன்.

ஒருநாள் மனது கேட்காமல், குசினியிலிருந்து கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வரம்புக்குப் போனேன். அக்கா கிளாசைப் பார்த்தார். பேணியைக் கழுவி நீட்டினார்.

“இதுல ஊத்துங்க தங்கச்சி. அன்னைக்கு வாசிச்சிருந்தீங்கன்னா அந்தக் கிளாசுல குடிச்சிருப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஊற்றினேன்.

அன்று பின்னேரமே தாளை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். பெருமை என்ற இடத்தில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. வாசித்து முடித்த பிறகும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை நீ அண்டைக்கு வாசிக்கேல்லை, என்ன?”

“ஓம் அப்பா.”

“நல்ல பிள்ளை” என்றார். தாளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

என்னை அவர் எவ்வளவோ தடவை அப்படிச் சொல்லியிருக்கிறார். இந்த முறை குசினிக்குள் போய் நின்றுகொண்டேன். யன்னலால் பார்த்தால் வேலிக் கட்டையில் பேணி, கழுவிக் கவிழ்த்தபடி.

தாள் இல்லாவிட்டாலும் அந்த நாலு வரியும் எனக்கு மனப்பாடம். வாற சனிக்கிழமை கூட்டம். அப்பா முன்வரிசையில்தான் இருப்பார். அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.